டர்ஃப் மைதானமும் பிள்ளைகளின் உடம்பும்: புதுச்சேரி, கடலூர் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

புதுச்சேரியிலும் கடலூரிலும் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லித் தருகிறேன். இப்போது பயிற்சி பெரும்பாலும் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கும் டர்ஃபில்தான். வலைக்கு வெளியே காத்திருக்கும் அப்பா, அம்மா, தாத்தா எல்லாரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். நான் மருத்துவர் இல்லை. ஆனால் பிள்ளைகளை அந்தத் தளத்தில் இறக்கிவிடுவது நான்தான் என்பதால், தேடிப் படித்ததையும் பயிற்சியில் பார்த்துத் தெரிந்துகொண்டதையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்ட மாதிரியே இருக்கின்றன.

டர்ஃப்னா பச்சைக் கார்ப்பெட்தானே சார்? நடுவுல கறுப்பா கொட்டியிருக்கே, அது என்ன?

அடியில் ஜல்லி கொட்டி இறுக்கிய தளம். அதன்மேல் பாலிஎத்திலீன் இழைகளைத் தைத்த விரிப்பு. இழைகள் படுத்துவிடாமல் நிமிர்ந்து நிற்க இடையில் மணலும், அதற்கு மேல் ரப்பர் குருணையும் தூவுவார்கள். கறுப்பாகத் தெரிவது அந்தக் குருணைதான். பழைய டயர்களை அரைத்து எடுப்பது. விழுந்தால் அடி தாங்குவதும், பந்து அளவோடு துள்ளுவதும் அதனால்தான்.

எல்லா டர்ஃபிலும் இது இருக்காது. பாக்ஸ் கிரிக்கெட்டுக்கென்று போட்ட குட்டை இழைத் தளங்கள் பலவற்றில் மணல் மட்டும்தான் இருக்கும். உங்கள் பிள்ளை ஆடும் தளத்தில் எது கிடக்கிறது என்று ஒருமுறை குனிந்து பார்த்துவிடுங்கள். கீழே வரும் பாதி பதில்கள் அதைப் பொறுத்தவை.

அந்த டயர் ரப்பரால கேன்சர் வருமாமே, வாட்ஸ்அப்புல வந்துச்சு. உண்மையா?

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். இந்தப் பயம் தொடங்கிய இடம் அமெரிக்கா. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கால்பந்துப் பயிற்சியாளராக இருந்த ஏமி கிரிஃபின், புற்றுநோய் வந்த இளம் ஆட்டக்காரர்களின் பட்டியல் ஒன்றைச் சேர்த்தார். அதில் நிறைய பேர் கோல்கீப்பர்கள். நாள் முழுக்க அந்தக் குருணையில் விழுந்து புரள்கிறவர்கள். 2014இல் அது தொலைக்காட்சியில் வந்ததும் உலகம் முழுக்கப் பேச்சானது. வாஷிங்டன் மாநிலத்தின் சுகாதாரத் துறை பட்டியலை எடுத்து ஆராய்ந்து 2017 ஜனவரியில் அறிக்கை தந்தது. அதே வயதுள்ள பொது மக்களிடம் எவ்வளவு புற்றுநோய் எதிர்பார்க்கலாமோ, அதைவிட இந்த ஆட்டக்காரர்களிடம் அதிகமாக இல்லை என்பதுதான் அவர்களுக்குக் கிடைத்த விடை. விட்டுப்போன பெயர்கள் இருக்கலாம் என்பதையும், ரப்பர் குருணை பாதுகாப்பானது என்று நிரூபிப்பதற்காகச் செய்த ஆய்வு அது இல்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். நெதர்லாந்தின் பொதுச் சுகாதார நிறுவனம் 2016 டிசம்பரில் இந்தத் தளங்களில் விளையாடலாம் என்றது. ஐரோப்பிய ரசாயன முகமை 2017இல் புற்றுநோய் ஆபத்து மிகக் குறைவு என்றது. அமெரிக்க அரசின் ஆய்வு 2024இல் முடிந்தது. குருணையில் ரசாயனங்கள் இருந்தாலும், ஆடுகிறவர்கள் உடம்புக்குள் போவது குறைவாகவே இருக்கும் என்றது.

டயரில் கெட்ட பொருள்கள் இருப்பது உண்மை. பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் என்ற கூட்டத்தில் சில புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை. துத்தநாகம் நிறைய உண்டு, கொஞ்சம் ஈயமும் இருக்கும். ஆனால் அவை ரப்பருக்குள் கட்டுண்டு கிடக்கின்றன. ஒரு பொருளில் விஷம் இருப்பதும், அது கெடுதல் செய்யும் அளவுக்கு நம் உடம்புக்குள் போவதும் ஒன்றல்ல.

இங்கே ஒரு விஷயத்தை நம் ஊர் பெற்றோர் கவனிக்க வேண்டும். மேலே சொன்ன ஆய்வுகள் அந்தந்த நாட்டு டயர்களை வைத்துச் செய்தவை. ஐரோப்பாவில் 2010 ஜனவரி முதலே டயர் தயாரிப்பில் அந்த ஹைட்ரோகார்பன்கள் அதிகமுள்ள எண்ணெய்களுக்குத் தடை. நம் டர்ஃபில் கிடக்கும் குருணை எந்த நாட்டு டயர், எந்த ஆண்டு டயர் என்பது போட்டவருக்கே தெரியாமல் இருக்கலாம். அதனால் "ஐரோப்பாவில் பரவாயில்லை என்றார்கள்" என்பதை அப்படியே இங்கே ஒட்டிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. என் முடிவு இதுதான்: வாரம் இரண்டு மூன்று முறை ஆடும் பிள்ளையைப் புற்றுநோய்ப் பயத்தில் நிறுத்தத் தேவையில்லை. ஆடி முடித்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும், குருணை வாய்க்குள் போகக்கூடாது, வீட்டு வாசலிலேயே ஷூவைத் தட்டிவிட வேண்டும்.

ஆபத்து இல்லைன்னா ஐரோப்பாவுல ஏன் தடை பண்றாங்க?

தடை உண்மை. காரணம் வேறு. ஐரோப்பிய ஒன்றியம் 2023 செப்டம்பரில் நுண்பிளாஸ்டிக் கட்டுப்பாடு ஒன்றைக் கொண்டுவந்தது. டர்ஃபில் தூவும் பிளாஸ்டிக், ரப்பர் குருணை விற்பனை அதன்படி 2031 அக்டோபரோடு நிற்கும். குருணை மழையிலும் ஷூவிலும் காலுறையிலும் வெளியேறி மண்ணுக்கும் நீருக்கும் போகிறது. ஐரோப்பாவில் மட்டும் ஆண்டுக்கு 16,000 டன் வரை இப்படிப் போகிறது என்பது அவர்களின் ரசாயன முகமை போட்ட கணக்கு.

உடல்நலத்துக்கென்று தனியாக ஒரு விதி உண்டு. 2022 ஆகஸ்ட் முதல், குருணையில் குறிப்பிட்ட 8 ஹைட்ரோகார்பன்களின் கூட்டுத்தொகை கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. புதிதாக டர்ஃப் போடுகிறவர்கள் இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். விற்பவரிடம் "இந்த 8க்கும் சேர்த்து ஆய்வக அறிக்கை இருக்கிறதா, 20க்குள் இருக்கிறதா" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

சரி, கேன்சரை விடுங்க. நீங்க எதுக்குத்தான் பயப்படறீங்க?

வெயிலுக்கு. இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் என் பிள்ளைகள் வாடிப்போய் உட்கார்ந்தது எல்லாம் சூட்டால்தான்.

உயிருள்ள புல் தன் வேரிலிருந்து நீரை இழுத்து ஆவியாக விட்டுத் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. பிளாஸ்டிக்குக்கு அது முடியாது. மேலே விழும் வெயில் பெரும்பாலும் சூடாகத் தங்கும், கறுப்புக் குருணை அதை இன்னும் கூட்டும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பிரிகாம் யங் பல்கலைக்கழகம் 2002இல் தன் மைதானத்தை அளந்து பார்த்தது. காலை 7 முதல் மாலை 7 வரை சராசரியாகச் செயற்கைத் தளம் 47 டிகிரி, தார் ரோடு 43, புல்தரை 26. காற்று 37 டிகிரி இருந்த ஒரு நாளில் செயற்கைத் தளம் 93 டிகிரி வரை போயிருக்கிறது. 37 டிகிரி என்பது கத்திரி வெயிலில் கடலூருக்குச் சாதாரண நாள்.

நம் கடற்கரை ஊர்களுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. மதியத்துக்கு மேல் கடல்காற்று வரும், முகத்துக்கு இதமாக இருக்கும், "காத்து நல்லா அடிக்குதே, ஆடட்டும்" என்று தோன்றும். ஆனால் காலடியில் இருக்கும் சூடு அப்படியேதான் இருக்கும். காற்றில் ஈரப்பதம் கூடுவதால் வேர்வை காயாது. வேர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். பெரியவர்களைவிடக் குழந்தைகள் தளத்துக்கு அருகில் இருக்கிறார்கள், ஆட்ட ஆர்வத்தில் நிறுத்தவும் மாட்டார்கள். பாதம் சுட்டு ஷூவுக்குள் கொப்புளம் வந்த பிறகுதான் சொல்வார்கள்.

தண்ணி அடிச்சுட்டா சூடு இறங்கிடும்னு டர்ஃப்காரர் சொல்றாரே?

இறங்கும், கொஞ்ச நேரத்துக்கு. அதே பல்கலைக்கழகத்தில் 79 டிகிரியில் இருந்த தளத்துக்கு அரை மணி நேரம் நீர் பாய்ச்சினார்கள். 29 டிகிரிக்கு வந்தது. 5 நிமிடத்தில் 49 ஆகிவிட்டது. 20 நிமிடத்தில் 73. ஒரு ஆட்டத்தின் முதல் பாதிகூட முடிந்திருக்காது.

அப்போ எத்தனை மணிக்கு விடலாம்?

நல்ல செய்தி என்னவென்றால், பிளாஸ்டிக் சூட்டை வெகுநேரம் பிடித்து வைக்காது. வெயில் இறங்கியதும் தளம் சீக்கிரம் ஆறும். மார்ச் முதல் ஜூன் வரை காலையில் 8 மணிக்குள் முடித்துவிடுகிறேன், மாலையில் பொழுது சாயும் நேரத்துக்குத்தான் தொடங்குகிறேன். பகலில் வாடகை குறைவு என்பதற்காகக் கோடை விடுமுறையில் 11 மணிக்கும் 2 மணிக்கும் பிள்ளைகளை அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

கருவி எதுவும் வேண்டாம். வெயில் படும் இடத்தில் புறங்கையைத் தளத்தில் வைத்து நிதானமாக ஐந்து எண்ணுங்கள். வைக்க முடியவில்லை என்றால் அன்று ஆட்டம் இல்லை. கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானி வீட்டில் இருந்தால் அதை இதற்கு நம்ப வேண்டாம். அது உடம்புச் சூட்டை மட்டும் அளக்கச் செய்தது, 43 டிகிரிக்கு மேல் போனாலே பிழை காட்டிவிடும்.

விளையாடறப்போ மயக்கமா வருதுன்னா என்ன செய்யணும்?

தலைவலி, குமட்டல், காலில் தசைப்பிடிப்பு, ரொம்ப வேர்வை என்றால் நிழலுக்குக் கொண்டுபோய், ஷூவையும் சாக்ஸையும் கழற்றி, ஈரத்துணியால் உடம்பைத் துடையுங்கள். ஓஆர்எஸ் கொடுங்கள். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் சமமாக வழித்த 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. நீர்மோரும் நல்லதுதான்.

பேச்சு குழறினால், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், மயங்கி விழுந்தால், வலிப்பு வந்தால் அது வெப்பத்தாக்கு. உயிர் போகும் விஷயம். 108ஐக் கூப்பிட்டுவிட்டு, வண்டி வரும் வரை சும்மா நிற்காமல் தலையிலிருந்து கால்வரை தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். அக்குளிலும் தொடை இடுக்கிலும் கழுத்திலும் ஐஸ் வையுங்கள். நினைவு சரியில்லாத பிள்ளைக்கு வாயில் எதையும் ஊற்றக்கூடாது. பாரசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது.

முட்டியில தோல் உரிஞ்சு உரிஞ்சு வருது. இன்ஃபெக்ஷன் ஆகுமா?

விழுந்து சறுக்கும்போது பிளாஸ்டிக் இழை தோலைத் தேய்த்து எடுத்துவிடுகிறது. 2015இல் கனடாவில் நடந்த பெண்கள் உலகக் கோப்பை முழுக்க செயற்கைத் தளத்தில் நடந்தது. முன்னணி ஆட்டக்காரர்கள் அதை எதிர்த்து முந்தைய ஆண்டே வழக்குப் போட்டிருந்தார்கள். இந்தச் சிராய்ப்பும் அவர்கள் சொன்ன குறைகளில் ஒன்று.

சீழ் பிடிப்பதற்குத் தளத்தைவிட நம் பழக்கமே பெரிய காரணம். 2003இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் 58 பேரில் 5 பேருக்கு, சாதாரண மருந்துக்கு அடங்காத ஒரு கிருமியால் கட்டி வந்தது. எல்லாமே தளத்தில் உரசிய காயங்களில் தொடங்கியவை. ஆராய்ந்து பார்த்தால் காயத்தை மூடாமல் ஆடியதும், ஒரே துண்டைப் பலர் பகிர்ந்ததும் தெரியவந்தது. இன்னொரு பக்கம், பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் மாதிரிகளை எடுத்துப் பார்த்தபோது செயற்கைத் தளத்தில் இருந்ததைவிட இயற்கை மண்ணில்தான் நுண்ணுயிர்கள் அதிகம் இருந்தன.

உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், உள்ளே ஒட்டிய குருணையை எடுத்துவிடுங்கள், சுத்தமான துணியால் மூடுங்கள். காயம் மூடாமல் மறுநாள் ஆட விடாதீர்கள். துண்டும் தண்ணீர் பாட்டிலும் அவரவருக்கு. டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று பாருங்கள். சுற்றிலும் சிவந்து சூடாகி, வலி கூடிக்கொண்டே போனால் மருத்துவரிடம் போங்கள், மஞ்சள் பத்துப் போட்டுக் காத்திருக்க வேண்டாம். முழங்காலை மூடும் ஸ்லீவ் போட்டு அனுப்பினாலே பாதிச் சிராய்ப்பு குறையும்.

டர்ஃபுல ஆடினா முட்டி ஜவ்வு கிழியும்னு சொல்றாங்களே?

அமெரிக்காவின் என்எஃப்எல் என்ற அமெரிக்கன் ஃபுட்பால் லீகின் 2012 முதல் 2016 வரையான ஆட்டங்களை அலசியதில், செயற்கைத் தளத்தில் கால் காயங்கள் இயற்கைத் தரையைவிட 16 சதவீதம் அதிகம். அது முட்டி மோதி ஆடும் வேறு விளையாட்டு. நாம் ஆடும் கால்பந்தில் செய்த ஆய்வுகளில் மொத்தக் காயங்களில் பெரிய வித்தியாசம் வரவில்லை, கணுக்கால் சுளுக்கு மட்டும் சிலவற்றில் கூடுதல். ஆக, ஜவ்வு நிச்சயம் கிழியும் என்று பயப்பட வேண்டாம். ஆனால் கால் சிக்கிக்கொள்வது நிஜம். மண்தரையில் திரும்பினால் கால் கொஞ்சம் சறுக்கி விட்டுக்கொடுக்கும். டர்ஃபில் ஷூ பிடித்துக்கொள்ள, உடம்பு மட்டும் திரும்பும். அந்தத் திருகல் முட்டிக்குத்தான் போகும்.

அதனால் நீளமான ஸ்டட் வைத்த ஷூ வேண்டாம். அடியில் சிறுசிறு ரப்பர் முண்டுகள் நெருக்கமாக உள்ள டர்ஃப் ஷூ போதும். வெறுங்காலோடு ஆடும் பழக்கம் தேவனாம்பட்டினம் மணலில் நல்லது, இங்கே வேண்டாம். குருணை ஒதுங்கிப்போன இடங்களையும் பாருங்கள். கோல் வாயிலும், கிரிக்கெட்டில் பந்து போடுபவர் ஓடிவரும் தடமும் சீக்கிரம் மொட்டையாகிவிடும். அங்கே விழுந்தால் அடி நேராக ஜல்லியின் மேல். மாதம் ஒருமுறையாவது பிரஷ் போட்டுக் குருணையைச் சமன் செய்கிறாரா என்று டர்ஃப்காரரிடம் கேட்பது உங்கள் உரிமை.

சின்னக் குழந்தைங்க ஓரமா உட்கார்ந்து அந்தக் கறுப்பை எடுத்து வாயில போடுதுங்க. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். ஒன்றிரண்டு உள்ளே போய்விட்டால் பதற வேண்டியதில்லை, பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும். ஆனால் மூச்சுக்குழலில் சிக்கலாம், தொடர்ந்து போனால், உடம்புக்குள் போவது குறைவு என்று நான் மேலே சொன்ன கணக்கும் மாறும். அண்ணன் ஆடும்போது தம்பியைத் தளத்தில் உட்கார வைத்து முறுக்கு கொடுக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். வெளியே பெஞ்சில் உட்கார வையுங்கள். தின்பதற்கு முன்னால் கைகழுவச் சொல்லுங்கள். டர்ஃபில் குழாயும் சோப்பும் இல்லையென்றால் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். நாலு பேர் கேட்டால் வைத்துவிடுவார்கள்.

நாங்க சிப்காட் வாசனையிலயே இருக்கோம் சார். இந்த ரப்பர் நாத்தம் பெரிய விஷயமா?

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய குடிகாட்டிலிருந்து வந்த ஒரு தந்தையின் கேள்வி. நியாயமான சலிப்பு. மூக்குக்குத் தெரிவதும் உடம்புக்குக் கெடுதல் செய்வதும் எப்போதும் ஒன்றாகப் போவதில்லை. டயர் ரப்பர் வாசனையில் முக்கியப் பங்கு கந்தகம் சேர்ந்த பென்சோதயசோல் என்ற பொருளுக்கு உண்டு. திறந்த வெளியில் காற்று அதைக் கலைத்துவிடுகிறது. வெளி மைதானங்களில் காற்றை அளந்தவர்கள் கவலைப்படும் அளவு காணவில்லை.

கூரை போட்டு நாலு பக்கமும் தகரம் அடைத்த டர்ஃப் என்றால் நிலைமை மாறும். சூடும் வாசனையும் உள்ளேயே சுற்றும். ஆஸ்துமா உள்ள பிள்ளையை அங்கே அனுப்பாதீர்கள். திறந்த டர்ஃபுக்கு அனுப்பினாலும் இன்ஹேலர் பையில் இருக்கட்டும். சிப்காட் பக்கத்துக் காற்றில் வளரும் பிள்ளைக்கு இன்னொரு சுமை எதற்கு என்றுதான் நினைக்க வேண்டும். ஏற்கெனவே இருக்கிறதே, இதுவும் இருக்கட்டும் என்று விட்டுவிடக் கூடாது.

குருணை இல்லாத டர்ஃப்னா கவலையே இல்லைதானே?

டயர்க் கவலை போகும். சூடு குறையும், போகாது, ஏனென்றால் இழையும் பிளாஸ்டிக்தான். சிராய்ப்பு கூடலாம், விழும்போது மெத்தையும் இருக்காது.

இழையிலும் பார்க்க வேண்டியவை உண்டு. 2008இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பழைய நைலான் தளங்களில் ஈயம் கண்டுபிடித்தார்கள். பச்சை நிறம் வெளுக்காமல் இருக்கச் சேர்த்த ஈயக் குரோமேட் அது. அழியவே அழியாத ஃபுளோரின் ரசாயனங்கள் பற்றிய கேள்வியும் 2019இல் மாசசூசெட்ஸில் செய்த சோதனைகளுக்குப் பிறகு எழுந்தது. புதிதாகப் போடுபவர்கள் இழைக்கும் சோதனை அறிக்கை கேட்க வேண்டும். ஆடப் போகிறவர்களுக்கு ஒரு எளிய அடையாளம் உண்டு: இழை பொடிப்பொடியாக உதிர்ந்து பச்சைத் தூள் கையில் ஒட்டினால் அந்தத் தளத்தின் காலம் முடிந்துவிட்டது. வேறு டர்ஃப் பாருங்கள். வழக்கமாக 8 முதல் 10 ஆண்டுதான் இதன் ஆயுள்.

குருணைக்குப் பதிலாகக் கார்க், தென்னை நார்ப்பொருள் கலந்து போடும் முறை ஐரோப்பாவில் இருக்கிறது. ஈரத்தைப் பிடித்து வைப்பதால் தளம் அவ்வளவு சுடாது. தென்னை நார்க்கழிவு குவிந்து கிடக்கும் நம் பக்கத்தில் இதை யாராவது முயன்று பார்த்தால் மனதார வரவேற்பேன்.

மழைக்காலத்துல தண்ணி நின்னு வடிஞ்ச பிறகு ஆடலாமா?

சாதாரண மழை என்றால் வடிந்ததும் ஆடலாம், வழுக்கும் என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். வெள்ளம் வேறு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. வாய்க்காலும் சாக்கடையும் ஒன்றாகத் தெருவில் ஓடின. அப்படிப்பட்ட தண்ணீர் ஏறிய தளத்தில் எலி சிறுநீர் கலந்திருக்கலாம். எலிக்காய்ச்சல் தோலில் உள்ள சிறு கீறல் வழியாகவே நுழையும். டர்ஃப் ஆட்டக்காரனின் முட்டியில் கீறல் இல்லாத நாள் ஏது? சேறு முழுக்கக் கழுவி, கிருமிநாசினி தெளித்து, நன்றாக வெயில் காய்ந்த பிறகுதான் இறங்க வேண்டும். வெள்ளத்தில் கால் வைத்த பிள்ளைக்கு ஓரிரு வாரத்தில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், வெள்ளத்தில் இறங்கியதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

அந்த வெள்ளத்தோடு குருணையும் போகிறது. புதுச்சேரியில் பெரிய வாய்க்கால் வழியாகவும், கடலூரில் கெடிலம் வழியாகவும் கடலுக்கு. டயர் தேய்ந்த தூளிலிருந்து உருவாகும் ஒரு பொருள் அமெரிக்க மேற்குக் கரை ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்களைக் கூட்டமாகக் கொன்றது 2020 டிசம்பரில் வெளியான ஆய்வில் தெரிந்தது. மீனை நம்பிப் பிழைக்கும் ஊர் நம்முடையது. டர்ஃபைச் சுற்றிக் குருணை வெளியேறாதபடி ஒரு முழ உயரத் தடுப்பும், வடிகால் வாயில் வலைச் சல்லடையும் போடச் செலவு அதிகமில்லை.

வேற எதைப் பார்க்கணும்?

கோல் போஸ்ட்டைக் கையால் ஆட்டிப் பாருங்கள். தரையில் பிணைக்காத இரும்புப் போஸ்ட் சாய்ந்து விழுந்து வெளிநாடுகளில் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். நம் பிள்ளைகள் அதில் தொங்குவார்கள். வலையைத் தாங்கும் இரும்புக் கம்பங்களில் ஆள் உயரத்துக்கு ஸ்பாஞ்ச் சுற்றியிருக்க வேண்டும். அதே கம்பங்களில்தான் விளக்கும் இருக்கிறது. உப்புக் காற்றில் வயர் இணைப்புகள் சீக்கிரம் அரிக்கும். கரண்ட் கசிந்தால் தானே விழும் 30 மில்லி ஆம்பியர் பிரேக்கர் இருக்கிறதா என்று கேளுங்கள். மழை பெய்யும்போதும் இடி இடிக்கும்போதும் ஆட்டத்தை நிறுத்திக் கட்டடத்துக்குள் போக வேண்டும். கட்டிய ஒரு மணி நேர வாடகை போனால் போகட்டும்.

வீட்டு மொட்டை மாடியில புல் மேட் போட்டிருக்கோம். அதுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

அதில் குருணை கிடையாது. சூட்டுக் கணக்கு அப்படியே பொருந்தும், அடியில் கான்கிரீட் என்பதால் விழுந்தால் அடியும் பலம். மழைக்குப் பிறகு சுருட்டி எடுத்துக் காய வையுங்கள், அடியில் தண்ணீர் தேங்கினால் கொசு.

எங்க ஸ்கூல்ல மண் கிரவுண்டை எடுத்துட்டு முழுசா டர்ஃப் போடப் போறாங்க. பெருமையா சொல்றாங்க. நாங்க என்ன சொல்லணும்?

வேண்டாம் என்று சொல்லுங்கள். குறைந்தபட்சம் முழுவதும் வேண்டாம் என்று சொல்லுங்கள். வாடகை டர்ஃபில் பிள்ளை ஆடுவது மாலை ஒரு மணி நேரம். பள்ளி மைதானத்தைப் பயன்படுத்துவதோ காலை பத்து மணி பி.டி. வகுப்பும் மதிய இடைவேளையும். வெயில் உச்சியில் இருக்கும் நேரம். மேலே சொன்ன சூடு அத்தனையும் அப்போதுதான். இன்றைக்கு வேப்பமரத்தடியில் மண்ணில் ஓடுகிற பிள்ளைகள் மதியம் முழுக்க வகுப்புக்குள் அடைபடுவார்கள்.

மண் மைதானத்தின் குறைகளும் தெரியும். புழுதி, நெருஞ்சி முள், மழையில் சேறு. செம்மண் போட்டு, ரோலர் உருட்டி, காலையில் தண்ணீர் தெளித்து, வடிகால் வெட்டினால் பெரும்பாலும் தீரும். செயற்கைத் தளத்துக்கு ஒருமுறை செலவழித்துவிட்டால் போதும் என்பதும் சரியில்லை. 8, 10 ஆண்டில் விரிப்பைக் கழற்றிப் புதிதாகப் போட வேண்டும், கழற்றியதை எங்கே கொண்டுபோவது என்று நிர்வாகம் இப்போதே சொல்ல வேண்டும். வற்புறுத்தினால், ஒரு மூலையில் நிழல் கூரையோடு சிறிய தளம், டயர்க் குருணை இல்லாமல், 9 மணிக்கு முன்பும் 5 மணிக்குப் பின்பும் மட்டும் என்று எழுத்தில் வாங்குங்கள்.

ஒரு டர்ஃப்ல பழைய கார்ப்பெட்டைக் கழட்டி சும்மா தர்றேங்கறாங்க. எங்க தெருப் பசங்களுக்குப் போட்டுக்கலாமா?

ஆசை புரிகிறது. வாங்காதீர்கள். ஆயுள் முடிந்ததால்தான் கழற்றுகிறார்கள். இழை உதிரும் தளத்தைப் பற்றி மேலே சொன்னது முழுவதும் இதற்குப் பொருந்தும், கூடவே குருணை உள்ளேயே சிக்கியிருக்கும், சுருட்டி விரிக்கும்போதெல்லாம் கொட்டும். கீழே சரியான ஜல்லித் தளம் இல்லாமல் விரித்தால் சுருக்கம் விழுந்து கால் தடுக்கும். வேண்டாம் என்று சொன்னபின் அதைத் தெரு ஓரத்தில் எரிக்க விடாதீர்கள், பிளாஸ்டிக்கும் டயரும் சேர்ந்து எரியும் புகை அந்தத் தளத்தில் ஆடுவதைவிட மோசம். அந்தப் பசங்களுக்கு ஒரு லோடு செம்மண்ணும் இரண்டு நல்ல பந்தும் வாங்கித் தாருங்கள்.